குரல் இல்லாத பதிவுகள்

அத்தியாயம் 12

போன வாரம் அம்மாவை விடுதி அறையில், திறந்த துணிப்பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு எழுந்து போனேன். அதற்கு வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். பாதிப் பேர் அவளைக் கரித்துக் கொட்டியிருக்கிறீர்கள், மீதிப் பேர் அவள் புருஷனை. ஒரு வாசகி, "அந்தக் குழந்தையை ஏன் இப்படிப் படுத்துகிறீர்கள்?" என்று என்னையே ஒரு பிடி பிடித்துவிட்டார். நான் யார் பக்கமும் பேசப் போவதில்லை. புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா, பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கு நூலகர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வயது மகளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் குழந்தைகள் பிரிவில் கூட்டம் வரும். அதனால் சுண்டு பள்ளி விட்டு வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே அம்மா இருந்ததே இல்லை. பதினோரு வாரத்துக்கு முன்னால் ஒருநாள், "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கதை சொல்றே. நம்ம பிள்ளை பூட்டின வீட்டுல உக்காந்திருக்கு" என்று அப்பா ஒரு வார்த்தை விட்டார். அம்மா திருப்பி நாலு வார்த்தை விட்டாள். "ரெண்டு வாரம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பணிபுரியும் பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அங்கே குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போன் செய்வாள். சுண்டு வந்து பேச மாட்டாள். "வர மாட்டேங்கறா" என்பார் அப்பா. அதற்குமேல் அவர்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

இனி இந்த வெள்ளிக்கிழமை.

*

"அப்பா, இது சார்ஜே ஏற மாட்டேங்குது."

சுண்டு பட்டன் போனை நீட்டினாள். பள்ளி விட்டு வந்து, அப்பா வீடு திரும்பும் ஏழு மணி வரை அவள் தனியாக இருக்கும் நேரத்துக்காக வாங்கிக் கொடுத்த போன் அது. அவசரம் என்றால் மட்டும் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அப்பா ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்தபடியே வாங்கிப் பார்த்தார். "பின் ஆடுது. ஈயம் வச்சாப் போதும். ராத்திரி வரும்போது கொண்டு வந்துடறேன்."

"சாயங்காலமே வேணும்ப்பா. நாலரைக்குள்ள."

"நாலரை மணிக்கு யாரு கூட பேசப் போறே? மந்திரி கூடவா?"

"யாரு கூடவும் இல்ல. அவசரத்துக்குத்தான்."

மூக்கை உறிஞ்சினாள். வருடத்தில் பத்து மாதம் அவளுக்கு மூக்கடைப்பு. வாயால்தான் மூச்சு விடுவாள். பக்கத்தில் உட்கார்ந்தால் சின்ன ரம்பம் அறுக்கிற மாதிரி கேட்கும்.

சமையலறையில் ஃப்ரிட்ஜ் மூன்று தரம் உதறிவிட்டு நின்றது. டொக், டொக், டொக். அதற்கு எப்போதும் இதே பாடுதான். இருபது மாடிக் கட்டடத்து லிஃப்ட்டை ஒரு திருகில் ஓட வைக்கிற மனிதருக்கு இந்த ஃப்ரிட்ஜின் நடுக்கத்தை மட்டும் தீர்க்கத் தெரியவில்லை. அம்மா இருந்த வரைக்கும், அது உதறும்போதெல்லாம் போகிற போக்கில் ஒரு எத்து விடுவாள்.

"சரி, பாக்கறேன்" என்றார் அப்பா.

"பாக்கறேன்னா வராதுன்னு அர்த்தம்."

"யாரு சொன்னா?"

சுண்டு வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சட்டைக்குள் போட்டுக்கொண்டபோது இரும்பு சில்லென்று பட்டிருக்க வேண்டும். தோளைக் குறுக்கினாள். அப்பாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. குனிந்து ரொம்ப நேரம் ஷூ கயிற்றைக் கட்டினார்.

*

அம்மா அன்று காலை பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போட்டாள்.

ரயிலில் எட்டு மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன ஊர். அங்கே புதிதாகக் குழந்தைகள் நூலகம் திறக்கப்போகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் பாடப் புத்தகம் தவிர வேறொன்றைக் கையில் தொட்டதில்லை. அலமாரி எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்பதிலிருந்து தானே முடிவு செய்யலாம். ஒரு வருடம் முன்னால் இந்த வேலை வந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். மூன்று வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற விதியைக் கேட்டதும் வீட்டைக் காரணம் காட்டி மறுத்திருப்பாள். இப்போது துள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பேச மறுக்கிற மகளுக்கு எட்டு மணி நேரம் என்ன, எட்டுத் தெரு என்ன என்று தோன்றிவிட்டது.

சம்மதக் கடிதத்தைத் தரைத்தளத்தில் இருந்த கண்காணிப்பாளரிடம் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா?"

"யோசிச்சாச்சு சார்."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"வேணாம்னு யாரும் சொல்லல."

அவர் கடிதத்தை உறையில் போட்டுத் தபால் பைக்குள் வைத்தார். கிளை நூலகங்களிலிருந்து புத்தகங்களும் தபாலும் ஏற்றித் தலைமை அலுவலகத்துக்குப் போகும் வேன் ஐந்து மணிக்கு வரும். "அஞ்சு மணிக்குள்ள மனசு மாறினா வந்து சொல்லுங்க, எடுத்துக் குடுத்துடறேன். வேன் கிளம்பிட்டா அப்புறம் என் கையில இல்ல. அங்க போய்ப் பதிவு ஆயிடுச்சுன்னா யாரு கையிலயும் இல்ல."

"மாறாது சார்" என்றாள்.

மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனாள். லிஃப்ட் பழுது. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்பதை நான் வேண்டுமென்றே சேர்த்ததாக எழுதிவிடாதீர்கள். பழுதான லிஃப்ட்டுகளின் மீது எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

பதினோரு மணிக்குத் தேநீர் இடைவேளை. குழந்தைகள் பிரிவில் ஊழியர்கள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது, தரைத்தளத்து லாக்கரில் வைத்துவிட வேண்டும். அவள் மறுபடி இறங்கிப் போய்க் கணவனை அழைத்தாள்.

"நான் ஒத்துக்கிட்டேங்க."

"எதை?"

"அந்த ஊர் மாற்றலை. இன்னிக்குச் சாயங்காலம் கடிதம் போகுது. அடுத்த வாரமே அங்க சேரணும்."

மறுமுனையில் இரும்பு இரும்போடு உரசியது. பிறகு அது நின்றது.

"எத்தனை நாளைக்கு?"

"மூணு வருஷம்."

"சுண்டுகிட்ட..."

"எங்கிட்ட பேசினாத்தானே நான் சொல்றதுக்கு? நீங்களே சொல்லிடுங்க."

போகாதே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். தொண்டையைச் செருமினார், செருமியதோடு சரி. "உன் இஷ்டம்" என்றார்.

இந்த இரண்டு வார்த்தையால் இந்த உலகத்தில் உடைந்த வீடுகள் கொஞ்சநஞ்சமல்ல. அம்மா போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். படியேறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, அழலாமா வேண்டாமா என்று யோசித்தாள். மேலேயிருந்து யாரோ ஒரு குழந்தை, "கதைக்காரம்மா எங்க?" என்று கேட்டது. யோசனையை விட்டுவிட்டு ஏறினாள்.

*

மதியம் ஒரு மணிக்கு அப்பா லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். மேலே இருட்டில் இரும்புக் கயிறுகள், கீழே ஆறு மாடிப் பள்ளம். மற்றவர்களுக்குத் தலை சுற்றும். அவருக்கு உலகத்திலேயே தொந்தரவில்லாத இடம் அதுதான்.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் பட்டன் போனைத் திறந்தார். பின்னுக்கு ஈயம் வைத்து, கையோடு கொண்டுவந்த சார்ஜரில் சொருகினார். ஏறியது. அழைப்பு போகிறதா என்று பார்க்க, பேசிய எண்களின் பட்டியலைத் திறந்தார்.

அந்தப் போனில் கடைசி இருபது அழைப்புகள்தான் நிற்கும். இருபதும் ஒரே எண். அவருக்குத் தெரியாத எண். பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் நாலு நாற்பது, இல்லாவிட்டால் நாலு நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம்.

அப்பா அந்த எண்ணை இன்னொரு தரம் படித்தார். வீட்டில் தனியாக இருக்கும் ஒன்பது வயதுக் குழந்தையோடு தினமும் கால் மணி நேரம் பேசுகிறவன் எவன்? மனசு எங்கெங்கோ போயிற்று. வாயில் வரக்கூடாத வார்த்தைகளையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினார்.

ஒரே மணியில் எடுக்கப்பட்டது.

"யாருடா நீ..."

"வணக்கம் செல்லங்களா" என்றது மனைவியின் குரல். "இந்த வாரம், தும்மலைத் தொலைச்ச யானையோட கதை கேக்கலாமா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு தரம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. யானை காலையில் எழுந்ததாம், தும்மப் பார்த்ததாம், தும்மலைக் காணோமாம். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நூலகத்தில் கதைப்பெட்டி என்று ஒன்று வைத்திருப்பதாக அவள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவர் காதில் வாங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேச மறுக்கிற பெண், தினமும் அம்மாவின் குரலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைசி வரை கேட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் கதை சொல்லி அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. கரடிக்கு ஒரு குரல், எறும்புக்கு ஒரு குரல். இத்தனை குரல் அவளுக்குள் எங்கே இருந்தது? தன்னிடம் பேசும்போது ஒரே குரல்தானே, அதுவும் களைத்த குரல்? அந்தக் களைப்பில் தன் பங்கு எவ்வளவு என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

கதை முடிந்தது. "கதை பிடிச்சிருந்தா, பீப் சத்தத்துக்கு அப்புறம் சொல்லுங்க" என்றது குரல்.

பீப்.

அவர் தொண்டையைச் செருமினார். அரை நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, மேலயே குடித்தனமா? சாப்பிடலையா?" என்று கீழேயிருந்து கூட்டாளி கத்தினார்.

மறுபடி பீப். நேரம் முடிந்துவிட்டது. "சாயங்காலம் நாலு மணிக்கு நான் கிளம்பறேன்" என்று கீழே பார்த்துச் சொன்னார் அப்பா.

*

கதைப்பெட்டியை இரண்டு வருடம் முன்னால் தொடங்கியதே அம்மாதான். நூலகத்துக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவர்கள், காய்ச்சலில் கிடப்பவர்கள், அப்பா அம்மா வேலை முடிந்து வரும்வரை பூட்டிய வீட்டில் இருப்பவர்கள். வாரம் ஒரு கதை. எண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஒட்டியிருந்தார்கள். கதை முடிந்ததும் பிள்ளைகள் அரை நிமிடம் பேசலாம். பெட்டி அதைப் பதிந்து வைக்கும். வெள்ளிக்கிழமை மாலை அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுத்த கதையை ஏற்றுவாள். அடுத்த வாரக் கதை உதவியாளரின் குரலில் தயாராக இருந்தது. இனி எல்லா வாரமும் அந்தக் குரல்தான்.

மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். ஒரே புத்தகத்தை எதிரெதிரே உட்கார்ந்து படிக்கும் இரட்டைச் சகோதரிகள் வந்தார்கள். சண்டை வராமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு. ஒருத்தி நேராகப் படிப்பாள், எதிரில் இருப்பவள் தலைகீழாகப் படிப்பாள். தலைகீழாகப் படிப்பவள்தான் முதலில் பக்கம் முடிப்பாள். டைனோசர் புத்தகத்தை ஒன்பதாவது தடவையாக எடுக்க ஒரு சின்னப் பெண் வந்தாள். "இதுல கடைசியில சாகாம இருக்கற புத்தகம் வரலையா?" என்று கேட்டாள். வரவில்லை என்று சொல்ல அம்மாவுக்கு மனசு வராமல், பறவைகள் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, "இதுங்கதான் மிச்சம்" என்று கொடுத்தாள். சின்னப் பெண் அட்டையில் இருந்த மைனாவைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் வாய் பிளந்திருந்தது.

இதற்காகத்தான் இந்த வேலை. ஒரு குழந்தைக்கு அதன் வீட்டில் இல்லாத உலகத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பது. இந்த அறையில் இருபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள், இருபத்தாறு பேருக்கும் என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் மகள் இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டால் தெரியாது. அந்தக் கூட்டத்தின் நடுவில் அவள் ஒண்டியாக நின்றாள்.

நாலு முப்பதுக்குத்தான் பெட்டிக்கு வர முடிந்தது.

"கதைக்காரம்மா, யானை மிளகுப் பொடி போட்டுப் பாக்கலாமே?" என்றது முதல் பதிவு. "எங்க தம்பி ராத்திரி பெருசா தும்மினான். அது யானையோடதா?" என்றது இரண்டாவது. மூன்றாவது மெலிந்த குரல். "நாளைக்கு எனக்கு ஊசி. அடுத்த கதையைப் பெருசா வைங்க."

கடைசியில் மூன்று பதிவுகளுக்கு நேராகக் குரல் இல்லை என்று காட்டியது. புதன் 4.54. வியாழன் 4.55. இன்று 1.26. வழக்கமாக இப்படிப்பட்டவற்றை உதவியாளரே தினமும் காலையில் அழித்துவிடுவாள். வியாழக்கிழமையிலிருந்து அவள் விடுப்பு. பெட்டியின் பக்கவாட்டில் அம்மாவின் கையெழுத்திலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தது: "குரல் இல்லாத பதிவுகளைக் கேட்க வேண்டாம். அழித்துவிடவும்."

அம்மா அழிக்கத்தான் விரலை வைத்தாள். கிளம்பும் நேரத்தில் எல்லாவற்றின் மேலும் ஒரு பாசம் வருமே, அப்படி வந்தது. போகட்டும், இதையும் கேட்போம் என்று புதன்கிழமைப் பதிவை ஓட விட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூச்சு. வாயால் விடுகிற மூச்சு, சின்ன ரம்பம் அறுக்கிற மாதிரி. ஒரு தரம் மூக்கு உறிஞ்சும் சத்தம். அப்புறம் தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், டொக், டொக், டொக்.

அவள் கால் தன்னையறியாமல் ஒரு எத்து எத்தியது. மேஜைக் காலில் பட்டு வலித்தது.

வியாழக்கிழமைப் பதிவும் அதேதான். மூச்சு, உறிஞ்சல், ஃப்ரிட்ஜ். மூன்றாவதில் மூச்சு வேறு. ஒரு பெரிய பள்ளத்தின் எதிரொலி, ஒரு தொண்டைச் செருமல், எங்கோ கீழேயிருந்து "சாப்பிடலையா?" என்று யாரோ. அந்தச் செருமலைத்தான் காலையில் கேட்டிருந்தாள்.

பெட்டியின் திரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. பதினோரு வாரத்தில் அழித்தவை: ஐம்பத்து மூன்று. எல்லாமே சுண்டுவாக இருக்க முடியாது. ஆனால் எத்தனை சுண்டு என்று இனி யாருக்கும் தெரியாது. ஒரு வார்த்தை பேசாமல் அரை நிமிடம் அம்மாவோடு இருந்துவிட்டுப் போயிருக்கிறாள் குழந்தை, ஒவ்வொரு நாளும். அம்மா எழுதி ஒட்டிய தாள் ஒவ்வொரு நாளும் அவளைத் துடைத்துப் போட்டிருக்கிறது. பேச மாட்டேங்கறா, பேச மாட்டேங்கறா என்று இவள் ஊரெல்லாம் புலம்பினாள். அந்தத் தாளைக் கிழித்தாள். பசை விடாததில் அது பாதிதான் கிழிந்தது.

மணி நாலு முப்பத்தாறு. ஓடிப் போய்க் கடிதத்தை வாங்கிவிடலாம். ஆனால் மூன்று மாடி இறங்கி ஏறுவதற்குள் நாலு நாற்பதைத் தாண்டிவிடும். கதை பதினாலு நிமிடம், பதிவு 4.54க்கு என்றால் சுண்டு அழைப்பது நாலு நாற்பதுக்குத்தான். இன்றும் அப்படியே அழைத்தால், கேட்டுவிட்டு நாலு ஐம்பத்தைந்துக்கு இறங்கினாலும் வேனைப் பிடித்துவிடலாம். அம்மா நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாலு நாற்பது ஆயிற்று. மணி அடிக்கவில்லை.

*

நாலு நாற்பதுக்கு அப்பா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துடுச்சா!" என்று சுண்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள். "நீங்க ஏம்ப்பா இந்நேரத்துக்கு?"

"சும்மா. வேலை முடிஞ்சுது."

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். மகளுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் இருந்தார். அம்மா போகிற விஷயத்தையும் இப்போதே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சுண்டு போனை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி கடிகாரத்தை.

"பால் வேணுமா?"

"வேணாம்."

"வீட்டுப்பாடம்?"

"இருக்கு."

நாலு நாற்பத்தெட்டாகியும் அவள் அசையவில்லை. கண் மட்டும் கலங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அப்பாவின் மரமண்டைக்கு எட்டியது. தான் இருக்கும் வரை அவள் அந்த எண்ணை அழுத்த மாட்டாள்.

"கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று எழுந்தார்.

"எவ்ளோ நேரம்ப்பா?"

"ஆகும். கூட்டமா இருக்கும்."

கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். சொந்த வீட்டுக்கு வெளியே, போக ஒரு இடமில்லாமல்.

*

நாலு ஐம்பத்தொன்றுக்கு மணி அடித்தது. பெட்டி எடுத்துக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம் செல்லங்களா" என்றது பெட்டி.

"வணக்கம் செல்லங்களா" என்றது கூடவே ஒரு மூக்கடைத்த குரல்.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுண்டு கதையைக் கேட்கவில்லை, கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். வாக்கியம் வாக்கியமாக, ஏற்ற இறக்கத்தோடு, அம்மா மூச்சு விட்ட இடத்தில் தானும் மூச்சு விட்டு. யானை எழுந்தது. தும்மப் பார்த்தது. தும்மலைக் காணோம்.

பெட்டியோடு இருந்த ரிசீவரைத் தூக்கினால் பதிவு நின்று நேர்ப் பேச்சாகிவிடும். அப்படி ஒரு வசதி இருந்ததே தவிர இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. தூக்கினால் பயந்து வைத்துவிடுவாளோ? நாளையிலிருந்து இந்தப் பதிவும் இல்லை, இந்தக் குரலும் இல்லை. அம்மா தூக்கினாள். பெட்டி சட்டென்று வாயை மூடியது. அந்த இடத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அப்ப யானை என்ன பண்ணிச்சாம்," என்றாள், குரல் உடையாமல் பார்த்துக்கொண்டு, "தும்மலைத் தேடிக்கிட்டு மொதல்ல அணில்கிட்ட போச்சாம்..."

மறுமுனையில் மூச்சு நின்றது.

"முயல்" என்றாள் சுண்டு.

அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மொதல்ல முயல்கிட்டதான் போகும். அணில் அப்புறம்." ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள். "அம்மா?"

"ம்."

"மிஷின் இல்லையா?"

"இல்லடா. அம்மாதான்."

சாப்பிட்டாயா, மூக்குக்கு மருந்து விட்டாயா என்று பத்துக் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. விழுங்கினாள். அவள் கேட்காததாலோ என்னவோ சுண்டுவே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை அப்பா பக்கத்துலயே நிக்கறாங்கம்மா. நீ கேள்வி கேட்டா எனக்கு அழுகை வந்துடும். நான் அழுதா அப்பா பாத்ரூம் போய்க் குழாயைத் தொறந்து விட்டுக்கறாங்க. அதான் வரல."

"சரிடா."

"கோவமா?"

"இல்லவே இல்ல."

"அப்ப கதையைச் சொல்லு. முழுசா. முயல்லேருந்து."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பத்தாறு. ஓடினால் இப்போதும் பிடிக்கலாம். ரெண்டு நிமிஷம் இருடா, அம்மா கீழே போயிட்டு வந்துடறேன் என்று சொன்னால் போதும். கண்காணிப்பாளருக்குக் குரல் கொடுக்கச் செல்போன் கையில் இல்லை. இருந்த ஒரே போனில் மகள் இருந்தாள்.

ரெண்டு வாரம் என்று சொல்லிப் பதினோரு வாரமாக்கியவள், ரெண்டு நிமிஷம் என்று எந்த வாயால் சொல்வது? இந்தக் குழந்தை அதை நம்பிக் காத்திருக்குமா? அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"யானை மொதல்ல முயல்கிட்ட போச்சாம். 'ஏய் முயலே, என் தும்மலைப் பாத்தியா'ன்னு கேட்டுச்சாம்."

"முயல் குரல்ல பேசும்மா."

முயல் குரலில் பேசினாள். அணில் வந்தது, கரடி வந்தது. பதிவில் இல்லாத ஒரு ஒட்டகச்சிவிங்கியும் வந்தது. அதன் தும்மல் கழுத்தில் ஏறி மூக்குக்கு வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. சுண்டு சிரித்தாள். மூக்கடைப்போடு சிரித்ததால் அது சிரிப்பும் குறட்டையுமாகக் கதவைத் தாண்டிப் படிக்கட்டு வரை வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கினார். ஒரு பதிவைக் கேட்டு, அதுவும் மனப்பாடமான கதையைக் கேட்டு, இப்படிச் சிரிக்க முடியுமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை.

கீழே வேன் வந்து நின்றது. அம்மாவின் நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியாக அதன் கூரை தெரிந்தது. பின்கதவு திறந்தது, புத்தகக் கட்டுகள் ஏறின, கடைசியில் தபால் பை ஏறியது. கண்காணிப்பாளர் ஒரு தரம் அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார். அவள் கையைத் தூக்கினாள். போகிறவளின் கையசைப்பு என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் பதிலுக்குக் கையசைத்துவிட்டு உள்ளே போனார்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குதுடா."

"சனி ஞாயிறு அப்பா இருப்பாங்க. திங்கக்கிழமை கூப்பிடுவேன். அன்னிக்கும் நீயே எடுப்பியா? இல்ல, மிஷினா?"

வேன் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. அது திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானேதான் எடுப்பேன்" என்றாள் அம்மா.